யாகொடாவின் யூகோவுக்கு ஒரு பூட்டு

முப்பத்தொரு வருடமாக கியர்பாக்ஸ் பிரிக்கிறேன். இத்தனை காலத்தில் ஒரு பாகத்தையாவது அறிவோடு தேர்ந்தெடுத்துக்கொண்டு வந்தவனை நான் பார்த்ததில்லை. மச்சான் சொன்னான் என்பான் ஒருவன். இணையத்தில் எவனோ எழுதியிருந்தான் என்பான் இன்னொருவன். ராக்கியா நாலு கிளாஸ் உள்ளே போனபிறகு பக்கத்து மேஜைக்காரன் சத்தியம் செய்தான் என்று ஒருவன் வருவான். பெட்டியைக் கொண்டுவந்து என் மேஜைமேல் தொப்பென்று போட்டு, "மோமிர், இதை மாட்டு" என்பார்கள். ஏன் இதை என்று கேட்டுவிட்டால் போதும், முகம் கோணிக்கொள்ளும். செருப்பு வாங்கப் போனால் காலை விட்டுப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். காரின் முன்சக்கரத்துக்கு என்ன வேண்டும் என்பதை மட்டும் விருந்து வீட்டில் வைத்து முடிவு செய்வார்கள்.

யாகொடா விஷயத்திலும் விருந்து வீட்டில்தான் முடிவானது.

எங்கள் ஊர் ஸ்ரெனியானினில் பாலத்தைத் தாண்டியதும் இருக்கும் மருந்துக்கடை அவளுடையது. முப்பத்துநாலு வயது. வாரத்தில் ஆறு நாள் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு கிழவர்களுக்கு மாத்திரை எண்ணிக் கொடுப்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு வெள்ளை யூகோவை, எங்கள் நாட்டிலேயே செய்த பழைய மலிவுக் காரை, ஓட்டுவாள். யூகோ என்றதும் சிரிக்கத் தோன்றும். நாங்களே சிரிப்போம். ஆனால் அவளுடைய யூகோவில் டிரைவர் இருக்கையையும் இரும்புக் கூண்டையும் தவிர உள்ளே ஒன்றும் கிடையாது. எஞ்சினை அவளும் அவள் கணவன் ஸ்ரேச்கோவும் மூன்று குளிர்காலம் உட்கார்ந்து தேய்த்துத் தேய்த்துச் செய்தார்கள். அதைவிட இரண்டு மடங்கு விலையுள்ள வண்டிகள் அவள் பின்னால் புகை குடித்துக்கொண்டு வருவதை நான் பார்த்திருக்கிறேன்.

எங்கள் கிளப்புக்குப் பந்தயத் தடம் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் இருந்ததில்லை. வயலுக்கு மருந்து தெளிக்கும் விமானங்கள் ஒரு காலத்தில் இறங்கிய ஓடுபாதை. கான்கிரீட் பலகைகள். இடுக்குகளில் புல். பழைய டயர்களை அடுக்கி எட்டு வளைவு உண்டாக்கி வைத்திருந்தோம். வருடா வருடம் நவம்பரில் ஒரு ஞாயிறு தேர்வு ஓட்டம் நடக்கும். முதல் நாலு பேர் வசந்தத்தில் ஹங்கேரிக்குப் போய் உண்மையான தடத்தில் ஓட்டுவார்கள். யாகொடா இரண்டு வருடமாக ஐந்தாவது. நான் சொல்கிற வருடத் தேர்வு முடிந்ததும், ஓடுபாதையைக் குத்தகைக்கு எடுத்தவன் அதில் சூரியத் தகடுகள் நடப் போகிறான் என்று முடிவாகிவிட்டது. தடம் இல்லையென்றால் தேர்வு இல்லை, தேர்வு இல்லையென்றால் கிளப்பும் இல்லை. போனால் அந்த வருடம் போக வேண்டும், இல்லாவிட்டால் எப்போதும் இல்லை. அவள் இதைப் பற்றி யாரிடமும் புலம்பவில்லை. ஆனால் கடையில் கல்லாவுக்குப் பின்னால், காலாவதித் தேதிகள் எழுதிய தாளுக்குப் பக்கத்தில், ஹங்கேரித் தடத்தின் வரைபடத்தை ஒட்டி வைத்திருந்தாள்.

அவளுக்குக் குறை ஒன்றுதான், டிஃபரன்ஷியல். கார் வளையும்போது வெளிச்சக்கரம் அதிகத் தூரம் ஓட வேண்டும், உள்சக்கரம் குறைந்த தூரம். இரண்டையும் அதனதன் வேகத்தில் ஓடவிடுவது அதன் வேலை. கடைத்தெருவுக்குப் போய்வர அது போதும். பந்தயத்தில் அது சோம்பேறிக்கே சோறு போடுகிற வீடு. எந்தச் சக்கரத்துக்குப் பிடிமானம் இல்லையோ, அது சும்மா சுற்றும். எஞ்சினின் பலமெல்லாம் அதன் வழியாகவே ஒழுகிப் போகும். உழைக்கத் தயாராக இருக்கிற மற்றச் சக்கரம் கையைக் கட்டிக்கொண்டு நிற்கும். இதைத் தடுக்க உள்ளே ஒரு பூட்டு வைக்க வேண்டும். பூட்டில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று, தட்டுகளை அடுக்கி அழுத்தி இரண்டு சக்கரத்தையும் பிணைப்பது. முரடு. ஸ்டீரிங்கைக் கையிலிருந்து பிடுங்கும், மெதுவாகத் திருப்பினால் கடகடவென்று முனகும், தேயும். மற்றது பல்சக்கரப் பூட்டு. வழுவழுப்பு, சத்தமில்லை, தேய்மானமில்லை. நான் பல்சக்கரக் கட்சி. முப்பத்தொரு வருடமாக.

அக்டோபர் கடைசியில் ஸ்ரேச்கோ வீட்டு ஸ்லாவா, குடும்பப் புனிதரின் திருநாள். அந்தக் குடும்பத்தின் புனிதர் லூக்கா. அன்று யாரையும் கூப்பிட மாட்டார்கள், எல்லோரும் போவோம். மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருந்தது. சாமிக்கு வைத்த ரொட்டி, கோதுமை, ஒயின் எல்லாம் மேஜையில். முட்டைக்கோஸ் சுருள் இரண்டாவது சட்டி வந்த நேரம் கதவைத் திறந்துகொண்டு கும் கிராதிமிர் உள்ளே நுழைந்தார்.

கும் என்றால் கல்யாணத்தில் மாப்பிள்ளைக்குச் சாட்சியாக நின்றவர். பெற்ற அண்ணனிடம் சண்டை போடலாம், கும்மிடம் கூடாது. அவர் கொடுத்ததை மறுக்கக் கூடாது, கேட்டதை இல்லை என்று சொல்லக் கூடாது. இந்தக் கௌரவத்துக்கு ஸ்ரேச்கோ தேடிப் பிடித்த ஆள், விறகு அடுப்பு விற்கிற கிராதிமிர். குரல் ஒரு பறை. தொப்பை அதற்குப் பக்கவாத்தியம். கார் பற்றி அவருக்குத் தெரிந்தது, பெட்ரோல் எந்தப் பக்கம் ஊற்றுவது என்பது மட்டும். அதிலும் ஒரு முறை தவறியிருக்கிறார்.

கையிலிருந்த பெட்டியைச் சாமி ரொட்டிக்குப் பக்கத்திலேயே வைத்தார். சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது.

"பிரி கண்ணு, பிரி! ஹங்கேரிக்கு உன்னை நான் அனுப்பறேன்!"

யாகொடா பிரித்தாள். உள்ளே எண்ணெய்த்தாளில் சுற்றிய தட்டுப் பூட்டு. நல்ல வேலைப்பாடு, அதைக் குறை சொல்ல மாட்டேன். அவள் பக்கவாட்டில் பொறித்திருந்ததைப் படித்துவிட்டு நிமிர்ந்தாள்.

"இருவழியா கும்?"

"பின்ன? கடைக்காரன் கேக்கறான், ஒருவழி வேணுமா இருவழி வேணுமான்னு. எனக்கு வந்துச்சு பாரு கோவம். என் வீட்டுப் பொண்ணுக்கு அரைகுறையா வாங்கிட்டுப் போவனா? இருவழியே குடுடா, இருக்கறதுலயே இறுக்கமானதாப் பாத்துக் குடுடான்னேன். அவன் அசந்துட்டான்."

அசராமல் என்ன செய்வான்? மனிதர் அதை பஸ் டிக்கெட் என்று நினைத்துவிட்டார், போக மட்டுமா போய்வரவா என்று. ஒருவழி என்றால் ஆக்ஸிலேட்டரை மிதிக்கும்போது மட்டும் பூட்டும். இருவழி, காலை எடுத்து பிரேக் போடும்போதும் பூட்டும். பின்சக்கரத்தில் அதற்கு ஒரு நியாயம் உண்டு. யூகோவை இழுப்பது முன்சக்கரம். அதில் அவ்வளவு இறுக்கமாக இதை வைத்தால், வளைவுக்குள் நுழைகிற நேரத்தில் இரண்டு சக்கரமும் கைகோர்த்துக்கொண்டு நேராகத்தான் போவேன் என்று அடம் பிடிக்கும்.

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை.

"முன்னாடி இதை மாட்டினா வண்டி வளையாது கிராதிமிர். நேராப் போய் சோளக்காட்டுல நிக்கும்."

ஸ்ரேச்கோ மேஜைக்கடியில் என் முழங்காலை உதைத்தான். கிராதிமிரின் முகம் பீட்ரூட் ஆகி, பிறகு அவரே சிரித்துவிட்டார்.

"மோமிருக்குப் பொறாமை. அவனுக்கு யாரும் ரிப்பன் கட்டிக் குடுத்ததில்ல."

எல்லோரும் சிரித்தார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று யாரோ சொன்னார்கள். யாகொடா எழுந்துபோய் அவருடைய இரண்டு கன்னத்திலும் மூன்று முறை முத்தமிட்டு நன்றி சொன்னாள். வாசலில் ஸ்ரேச்கோ என்னைப் பிடித்துக்கொண்டான்.

"கும் என்ன சட்டைப் பொத்தானா மோமிர், வேணாம்னா பிச்சுப் போட? குடுத்தாரு, மாட்டித்தான் ஆகணும்."

"சாணியை ரிப்பன் கட்டிக் குடுத்தாலும் மாட்டுவீங்கடா."

"மாட்டுவோம்," என்றான். இப்படிப்பட்ட ஊரில்தான் நான் கியர்பாக்ஸ் தொழில் செய்கிறேன்.

தேர்வுக்கு மூன்று நாள் முன்னால், வியாழக்கிழமை, யாகொடா யூகோவை என் பட்டறையில் விட வந்தாள். கையில் அதே பெட்டி. ரிப்பனைக்கூட மறுபடி கட்டியிருந்தாள்.

"மாமா, கும் குடுத்ததைத்தான் போடணும். ஆனா இருக்கறபடி போடக் கூடாது. பிரிச்சு மாத்திப் போடலாம்."

"மாத்தறதாவது! தட்டே வேண்டாம்மா. என்கிட்ட பல்சக்கரப் பூட்டு ஒண்ணு இருக்கு, உன் கியர்பாக்ஸுக்குன்னே செஞ்ச மாதிரி. வெண்ணெய். உன் கையை இழுக்காது."

"என் கை வலிக்குதுன்னு நான் சொன்னனா?"

"சொல்லணுமா? நான் பாக்காததா?"

"மாமா, மூணாவது வளைவுல..."

"மூணாவதோ நாலாவதோ, வளைவுன்னா வளைவுதான். தட்டுங்கறது குடிகாரன் மாதிரிம்மா. பிடிச்சா விடமாட்டான், விட்டா பிடிக்கமாட்டான்."

"இல்ல மாமா, மூணாவதுல மட்டும்..."

"நீ பள்ளிக்கூடம் போறதுக்கு முன்னாலயே நான் பூட்டு மாட்டினவன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். கடையில் காது கேளாத கிழவர்களைப் பார்ப்பாளே, அந்தப் பார்வை. பிறகு கோட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். மருந்துக்கடைத் தாள், மேலே பச்சைச் சிலுவை அச்சடித்தது.

"நாளைக்கும் நாளன்னிக்கும் எனக்குக் கடை. வர முடியாது. எல்லாம் வரிசையா எழுதியிருக்கேன். இதுல உள்ளபடி செய்யுங்க. சந்தேகம்னா போன் பண்ணுங்க."

"சரி சரி," என்று வாங்கி மேல்சட்டைப் பைக்குள் சொருகினேன். மருந்துச்சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள் பார், எனக்கு! அந்தத் தாளை நான் பிரிக்கவே இல்லை.

சனிக்கிழமை காலை கியர்பாக்ஸை இறக்கினேன். மேஜைமேல் இடப்பக்கம் கிராதிமிரின் ரிப்பன் பெட்டி, வலப்பக்கம் என் பல்சக்கரப் பூட்டு. ஆறு வருடமாக அலமாரியில் வைத்து நானே தேய்த்துச் சரிசெய்தது. எனக்கு யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. அடுப்புக்காரன் வாங்கிக் கொடுத்த இரும்பை மாட்டி ஒரு நல்ல காரைக் கெடுப்பதா? மறுத்தால் கும் கோபித்துக்கொள்வார். மாட்டினால் அவள் தோற்பாள். இரண்டுக்கும் நடுவில் நான் ஒருவன் இருக்கிறேனே! கியர்பாக்ஸை மூடிவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது என்று எவனுக்குத் தெரியும்? கிராதிமிர் தன் பரிசு ஜெயித்ததாகக் குதிப்பார், யாகொடா ஹங்கேரி போவாள், உண்மை எனக்கு மட்டும் தெரியும். வருடக்கணக்கில் உள்ளுக்குள் சிரித்துக்கொள்ளலாம். இதைத்தான் நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

என்னுடையதை மாட்டினேன். ரிப்பன் பெட்டியை என் வேனில் தார்ப்பாய்க்கு அடியில் தள்ளினேன்.

ஞாயிறு காலை கோஷவா காற்று கிளம்பிவிட்டது. எங்கள் பானாத் சமவெளியில் அதைத் தடுக்க ஒரு மேடுகூடக் கிடையாது. அடுப்புக்கரியில் சுட்ட கறியின் புகை தரையோடு படுத்துக்கொண்டு ஓடியது. கிராதிமிர் ஆட்டுத்தோல் குல்லாவோடு காலை எட்டு மணிக்கே ஆஜர். ஒவ்வொருவனையும் தோளில் தட்டி, "என் பூட்டு உள்ள இருக்கு, தெரியுமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

யாகொடா யூகோவை டிரெய்லரிலிருந்து இறக்கி, ஸ்டீரிங்கை முழுக்க ஒடித்து, அங்கேயே ஒரு வட்டம் போட்டாள். சத்தமே இல்லை. தட்டுப் பூட்டாக இருந்தால் முனகியிருக்க வேண்டும். இன்னொரு வட்டம் போட்டாள். பிறகு என் முன்னால் வந்து நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"மாமா, உள்ள என்ன இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள் கிராதிமிர் ஜன்னலில் தலையை விட்டார்.

"என் மனசு இருக்கு கண்ணு! சத்தம் வருதா பாரு? காசு குடுத்து நல்ல சாமானா வாங்கினா இப்படித்தான்."

அவள் அவரைப் பார்த்தாள், பிறகு என்னை. அந்த முகத்தில் எல்லாம் புரிந்துவிட்டது தெரிந்தது. நான் காப்பிக் கெட்டிலைப் பார்த்தேன். அத்தனை பேர் முன்னால், கும்மின் பரிசை மோமிர் தூக்கி எறிந்துவிட்டான் என்று அவள் சொல்வாளா? சொல்ல மாட்டாள் என்று எனக்குத் தெரியும். அதையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன். கண்ணாடி மேலே ஏறியது.

ஆளுக்கு மூன்று சுற்று, எது சிறந்ததோ அது கணக்கு. அவள் முறை வந்தபோது நாலாவது இடத்தில் கசாப்புக்காரன் ஓஸ்தோயா ஒரு நிமிடம் பன்னிரண்டு புள்ளி எட்டில் உட்கார்ந்திருந்தான். அதைத் தாண்ட வேண்டும். பழைய டிஃபரன்ஷியலோடு அவளுடைய சிறந்த நேரம் ஒரு நிமிடம் பதினாலு.

முதல் சுற்று பதின்மூன்று புள்ளி நாலு. பார்த்தீர்களா என்று மனசுக்குள் கை தட்டினேன். அரை விநாடிக்கு மேல் என் பூட்டு வாங்கிக் கொடுத்துவிட்டது. இரண்டாவது சுற்று பதின்மூன்று புள்ளி ஒன்று. கிராதிமிர் குல்லாவைக் காற்றில் எறிய, கோஷவா அதைச் சோளக்காட்டுக்குக் கொண்டுபோனது. ஸ்ரேச்கோ அதைத் துரத்திக்கொண்டு ஓடினான்.

யாகொடா இறங்கி என்னிடம் நடந்து வந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"மாமா, மூணாவது வளைவுல போய் நில்லுங்க."

"எதுக்கும்மா? இங்கயே தெரியுதே."

"ஒரு தடவை. நான் ஓட்டறதை அங்க நின்னு பாருங்க."

இருபது வருடமாக அந்த ஓடுபாதைக்குப் போய்வந்தேன். கறி சுடுகிற இடத்தையும் புறப்படுகிற கோட்டையும் தாண்டி நான் போனதில்லை. எனக்கு எதற்கு? காதால் கேட்டே சொல்லிவிடுவேனே! அன்று முனகிக்கொண்டே நடந்தேன். மூன்றாவது, வலப்பக்க வளைவு. அங்கே போனதும் முதலில் கண்ணில் பட்டது தரைதான். உள்பக்கத்தில் ஒரு கான்கிரீட் பலகை அப்படியே ஒரு சாண் இறங்கிப் போயிருந்தது. அதன் விளிம்பில் கறுப்பாக டயர் தடம், பழையது, பல வருடத்துத் தடம்.

அவள் வந்தாள். அவ்வளவு அழகாக அந்தக் கார் வளைவுக்குள் நுழைந்ததை நான் பார்த்ததில்லை. வளைவின் நடுவில், அந்தப் பலகைக்கு மேலே, வலது முன்சக்கரம் தரையை விட்டுவிட்டது. அந்தரத்தில் தொங்கியது. அவள் ஆக்ஸிலேட்டரை மிதித்தாள். தொங்குகிற சக்கரம் விர்ரென்று சுற்ற, எஞ்சின் அலறியது. தரையில் இருந்த இடது சக்கரமோ எனக்கென்ன என்று சும்மா உருண்டது. அந்தச் சக்கரம் மறுபடி தரையைத் தொடும்வரை கார் அந்த இடத்தில் எதற்கோ காத்துக்கொண்டிருந்த மாதிரி இருந்தது.

தொழில் தெரிந்தவன் எவனுக்கும் காரணம் தெரியும். பல்சக்கரப் பூட்டு என்ன செய்கிறது? பிடிமானம் குறைந்த சக்கரத்தில் எவ்வளவு பலம் நிற்கிறதோ, அதைப் போல மூன்று மடங்கை மற்றதற்குக் கொடுக்கிறது. காற்றில் தொங்குகிற சக்கரத்தில் நிற்கிற பலம் பூஜ்யம். பூஜ்யத்தை மூன்றால் பெருக்கினால் என்ன வரும் என்பது ஒன்றாம் வகுப்புப் பாடம். அந்த இடத்தில் தட்டுதான் வேண்டும். தட்டுக்குத் தரை இருக்கிறதா இல்லையா என்ற கவலையே கிடையாது. இதை நான் பட்டறையில் நூறு பேருக்கு விளக்கியிருக்கிறேன். இந்தக் காரின் சக்கரம் எங்கே தொங்குகிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை. அவள் சொல்லச் சொல்ல வாயை அடைத்திருக்கிறேன்.

பதின்மூன்று புள்ளி பூஜ்யம். இன்னும் கால் விநாடி குறைந்திருந்தால் போதும். யாகொடா மறுபடி ஐந்தாவது.

நான் நடந்து திரும்புவதற்குள் கூட்டம் கூடியிருந்தது. ஓஸ்தோயா எதற்கும் இருக்கட்டும் என்று கொஞ்சம் தள்ளி நின்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தான். யாகொடா காரில் சாய்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். கிராதிமிர் அவள் முன்னால் நின்றார். மீட்டுக் கொண்டுவந்த குல்லாவை இரண்டு கையாலும் பிசைந்துகொண்டிருந்தார்.

"என் தப்பு கண்ணு," என்றார். அந்தப் பறைக் குரல் எங்கே போனதோ! "கடைக்காரன் தலைபாடா அடிச்சுக்கிட்டான், முன்னாடிக்கு ஒருவழி போதும், இறுக்கம் வேணாம்னு. நான்தான் பெரிய மனுசன் மாதிரி... மோமிர் அன்னிக்கே சொன்னான். எல்லார் முன்னாடியும் அவனைக் கிண்டல் பண்ணிட்டேன். அவன் சொன்னதுதான் சரி. என் பரிசுதான் உன்னைக் கவுத்துருச்சு."

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. காற்றினால் அல்ல. கன்னத்தில் அறைந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது. யாகொடா தண்ணீர் பாட்டிலை மூடினாள், என்னைப் பார்த்தாள், பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் தப்பியிருப்பேன். அதற்கும் ஒரு கணம் ஆசைப்பட்டேன், மறைக்கவில்லை. பிறகு வேனுக்குப் போய், தார்ப்பாயைத் தூக்கி, பெட்டியை எடுத்து வந்து கிராதிமிர் கையில் வைத்தேன். ரிப்பன் அப்படியே இருந்தது.

அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது இங்க இருக்கு... அப்ப வண்டிக்குள்ள?"

"என்னோடது."

உதை விழும் என்று எதிர்பார்த்தேன். ஸ்ரேச்கோகூட முன்னால் ஒரு அடி வைத்தான், அந்தப் பயந்தாங்கொள்ளி. ஆனால் கிராதிமிர் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்து பெட்டியை மடியில் வைத்துக்கொண்டார்.

"என்னோடதை மாட்டியிருந்தா ஜெயிச்சிருப்பியா கண்ணு?"

"நீங்க வாங்கினபடி அப்படியே மாட்டியிருந்தா இதைவிட மோசமாப் போயிருக்கும் கும்," என்றாள் யாகொடா. அவள் பொய் சொல்கிறவள் அல்ல. "நான் எழுதிக் குடுத்தபடி மாத்தி மாட்டியிருந்தா... தெரியாது. அதான் எனக்குத் தாங்கலை. தோத்துட்டேன்னா தோத்துட்டேன். ஆனா தெரியாமயே போச்சு. நாளைக்கு இங்க தகடு நட ஆரம்பிச்சுருவான்."

"எழுதிக் குடுத்தியா? எங்க?"

நான் மேல்சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தேன். நாலு மடிப்பும் அப்படியே, விளிம்பில் என் கட்டைவிரல் கிரீஸ். கிராதிமிர் வாங்கிப் பிரித்து, ஸ்லாவாவில் பாதிரியார் படிக்கிற மாதிரி உரக்கப் படித்தார். குறுக்குத் தண்டை ஒருவழிப் பள்ளத்துக்கு மாற்றவும். ஆரம்ப இறுக்கத்தைப் பாதியாகக் குறைக்கவும். தட்டுகளை இந்த வரிசையில் அடுக்கவும், கீழே படம். அவருக்கு ஒரு எழுத்தும் புரியவில்லை, நிறுத்தாமல் படித்தார். எனக்கு எல்லாம் புரிந்தது. ஒரு மணி நேர வேலை. ஒரு புது பாகம்கூட வேண்டாம். பரிசும் பரிசாகவே இருந்திருக்கும்.

கடைசி வரியை அவர் மெதுவாகப் படித்தார். "மூன்றாவது வளைவில் வலது முன்சக்கரம் காற்றில் தொங்குகிறது. பல்சக்கரம் அங்கே உதவாது. அதனால்தான் தட்டு."

காற்று தாளைப் படபடக்க வைத்தது. யாகொடா அதை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தாள்.

"எங்க கடையில, சீட்டுல எழுதினதை மாத்திக் குடுத்தா லைசென்ஸைப் பிடுங்கிருவாங்க மாமா," என்றாள். குரலை உயர்த்தக்கூட இல்லை. கிராதிமிரைக் கைகொடுத்து எழுப்பி, பெட்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு போனாள்.

அடுத்த வாரமே தகடு நட ஆரம்பித்துவிட்டார்கள். மூன்றாவது வளைவு இருந்த இடத்தில் இப்போது இரும்புக் கால்கள் வரிசையாக நிற்கின்றன. வசந்தத்தில் ஓஸ்தோயா ஹங்கேரி போய் இரண்டாவது வளைவிலேயே சரளைக்குள் இறங்கி நின்றுவிட்டுத் திரும்பினான். யாகொடா அந்தப் பூட்டைத் தன் கையாலேயே பிரித்து, தாளில் உள்ளபடி அடுக்கி, யூகோவில் மாட்டினாளாம். ஸ்ரேச்கோ சொன்னான். எப்படி ஓடுகிறது என்று கேட்டேன். எங்க ஓட்டிப் பாக்கறது என்றான். ஸ்லாவாவுக்கு இப்போதும் போகிறேன், அதற்கு அழைப்பு வேண்டியதில்லையே. கிராதிமிர் எனக்கு ஒயின் ஊற்றுகிறார். அவரைப் பற்றி அடுப்பு ஜோக் எதுவும் நான் இப்போது சொல்வதில்லை.

மாதம் ஒரு முறை ரத்த அழுத்த மாத்திரைக்காக யாகொடாவின் கடைக்குப் போகிறேன். ஊரில் வேறு மருந்துக்கடை இல்லாமல் இல்லை. டாக்டரின் சீட்டை நீட்டினால், அதை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை வாய்விட்டுப் படிக்கிறாள். மாத்திரைப் பெட்டியை எடுத்து, பெயர் தெரியும்படி என் பக்கம் திருப்பி வைக்கிறாள். கல்லாவுக்குப் பின்னால் வரைபடம் இருந்த இடத்தில் பசைநாடாவின் நாலு மூலை மட்டும் ஒட்டியிருக்கிறது.

"எழுதியிருக்கறதுதான் குடுத்திருக்கேன். சரியா இருக்கான்னு பாத்துக்கங்க மாமா."

எனக்குப் பின்னால் வரிசை நிற்கும். நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சீட்டை ஒரு கையிலும் பெட்டியை ஒரு கையிலும் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்கிறேன். பார்த்து முடிக்கிறவரை அவள் காத்திருப்பாள். எப்போதும் சரியாகத்தான் இருக்கிறது.